ஒருவர் உழைப்பில் ஒரு குடும்பம்

காங்கேயம் என்றவுடன் எவர் நினைவுக்கும் முதலில் வருவது அவ்வட்டாரத்துக் காளையே. உயர்ந்த திமிலும், விரிந்து வளைந்த கொம்பும், தளராத நடையும் உடையது அக்காளை. ஆனால், அது பிறந்து வளரும் நிலம் வளமான நிலம் அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்திருப்பதால் காங்கேயம் வட்டாரத்தில் மழை குறைவு. கீழ்பவானி வாய்க்காலும் பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்காலும் சில பகுதிகளை எட்டுகின்றன. எஞ்சிய இடங்களில் கிணறும் வானமுமே துணை. ஆதலால், இவ்வட்டாரத்து உழவர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே தம் நிலத்தின் ஒரு பகுதியை மேய்ச்சலுக்கு என ஒதுக்கினர். கிளுவை வேலி அமைத்து, கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, இடையிடையே வெள்வேல மரங்களை நிற்கவிட்டனர். அம்மேய்ச்சல் நிலத்திற்குக் கொறங்காடு என்று பெயர். வறண்ட நிலமாயினும் அதன் இயல்பை அறிந்தவருக்கு அது வாழ்வு தரும் என்பதற்குக் கொறங்காடே சான்று.

நிலத்தின் வறட்சியை அறிந்து அதற்கேற்ற வழி கண்டது போல, வாழ்வின் வறட்சியாகிய வறுமையையும் அறிந்து அதற்கேற்ற வழி காணுதல் வேண்டும். வள்ளுவப் பெருந்தகை வறுமையை 'நல்குரவு' என்னும் சொல்லால் குறித்து, அதற்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். உழவு என்னும் அதிகாரத்தை அடுத்தே நல்குரவு என்னும் அதிகாரம் வருகின்றது. உழைப்பைப் பற்றிக் கூறிய உடனே வறுமையைப் பற்றியும் கூறவேண்டிய தேவை அவருக்கு இருந்தது. உழைப்பு இருந்தும் வறுமை நீங்காத வீடுகள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அவ்வீடுகளுள் தாய் ஒருத்தியோ தந்தை ஒருவரோ தனித்து நின்று மக்களை வளர்க்கும் வீடுகளின் நிலை தனியே எண்ணத்தக்கது.

காங்கேயம் இன்று உழவை மட்டும் நம்பி வாழும் ஊர் அன்று. 2009-ஆம் ஆண்டு வரை ஈரோடு மாவட்டத்தில் இருந்த இவ்வட்டம், அவ்வாண்டில் புதிதாக அமைந்த திருப்பூர் மாவட்டத்துடன் இணைந்தது. அரிசி ஆலைகளும் தேங்காய் எண்ணெய் ஆலைகளும் இங்கு மிகுதி. ஊரைச் சுற்றிலும் தேங்காய் உலர்த்தும் களங்களைக் காணலாம். தேங்காயை உடைத்து வெயிலில் காயவைத்து, ஓட்டிலிருந்து பருப்பை எடுத்து, மீண்டும் உலர்த்தித் தரம் பிரிக்கும் வேலை அக்களங்களில் நடைபெறும். அப்பருப்பே கொப்பரை எனப்படுவது. அவ்வேலையில் பெண்கள் பலர் ஈடுபட்டுள்ளனர். வடமேற்கே திருப்பூரில் பனியன் தொழிற்சாலைகள் உள்ளன. ஆட்களை ஏற்றிச் செல்லத் தொழிற்சாலைகளின் பேருந்துகள் காலைதோறும் சிற்றூர்களுக்கு வருகின்றன. வேலை தேடுபவருக்கு வேலை கிடைக்கும் வட்டாரம் இது. அவ்வாறாயின், இங்கு வறுமை இருப்பது ஏன் என்னும் கேள்வி எழும்.

இக்கேள்விக்கு விடை காண, ஒற்றை மாட்டு வண்டியை எண்ணிப் பார்ப்பது பயன் தரும். இரண்டு காளைகள் இழுக்கும் வண்டியில் ஏற்றும் பாரத்தை, ஒரு காளை இழுக்கும் வண்டியில் எவரும் ஏற்றுவதில்லை. வண்டியும் சிறிதாக இருக்கும். பாரமும் குறைவாக இருக்கும். ஆனால், குடும்பம் என்னும் வண்டியில் அவ்வாறு பாரத்தைக் குறைக்க இயலுவதில்லை. இழுப்பவருள் ஒருவர் மறைந்தாலும், நோயுற்றாலும், பிரிந்து சென்றாலும் பாரம் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றது.

இதனை ஒரு கணக்கினால் தெளியலாம். தாய், தந்தை, எட்டாம் வகுப்பில் பயிலும் மகள், மூன்றாம் வகுப்பில் பயிலும் மகன் என நால்வர் கொண்ட ஒரு வீட்டைக் கொள்வோம். தாயும் தந்தையும் நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 400 ரூபாய் வீதம் மாதத்தில் 25 நாள் கூலி பெறுவதாக வைத்துக்கொண்டால், வருவாய் 20,000 ரூபாய். வீட்டு வாடகை 3,000, விளக்கு அடுப்புச் செலவு 1,000, உணவுப் பொருள் 6,000, பள்ளிச் செலவும் உடையும் 1,000, கடன் தவணை 500, தந்தையின் கைச்செலவு 1,500 என்று கணக்கிட்டால் செலவு 13,000 ரூபாய். மிச்சம் 7,000 ரூபாய்.

தந்தை இல்லாத வீடாயின், வருவாய் 10,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். ஆனால், வாடகை பாதியாவதில்லை. அதே 3,000 ரூபாய்தான். விளக்கு மூவருக்கும் எரியவேண்டும், அடுப்பும் எரியவேண்டும், அதற்கு அதே 1,000 ரூபாய். பள்ளிச் செலவும் கடன் தவணையும் குறைவதில்லை. உணவுச் செலவு மட்டும் 4,500 ரூபாயாகக் குறையலாம். கூட்டினால் செலவு 10,000 ரூபாய். மிச்சம் ஒன்றும் இல்லை. வருவாய் பாதியாகக் குறைந்தது. மிச்சமோ முழுதும் மறைந்தது. இந்தக் கணக்கில் தாயின் சோம்பல் எங்கும் இல்லை, ஊதாரித்தனமும் இல்லை. அவள் முன்பு உழைத்த அளவே இப்போதும் உழைக்கின்றாள்.

மிச்சம் இல்லாமை என்பது சிறு செய்தி அன்று. மிச்சம் உள்ள வீட்டில் காய்ச்சல் வந்தால் அது காய்ச்சல் மட்டுமே. மூன்று நாளில் தீர்ந்துவிடும். மிச்சம் இல்லாத வீட்டில் தாய்க்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தால் 1,200 ரூபாய் கூலி போகும். மருந்துச் செலவு அதன்மேல் வரும். அதற்குக் கடன் வாங்கவேண்டும். அக்கடனுக்கு வட்டி கட்டவேண்டும். வட்டி கட்டும் மாதத்தில் வாடகை நிலுவையாகும். காய்ச்சல் மூன்று நாளில் நீங்கினாலும் அதன் விளைவு மூன்று மாதம் நீங்காமல் நிற்கும். கொப்பரைக் களத்தில் வேலை செய்பவளுக்கு இன்னும் ஓர் இடர் உண்டு. களத்து வேலைக்கு வெயில் வேண்டும். வடகிழக்குப் பருவ மழை தொடர்ந்து பெய்தால் களத்தில் வேலை இராது. உழவர் வேண்டி நிற்கும் அதே மழை, களத்துக் கூலியாளின் அடுப்பை அணைத்துவிடுகின்றது.

மிச்சம் இல்லாதவர் எப்பொருளையும் மொத்தமாக வாங்க இயலாது. எண்ணெயைக் கால் லிட்டராக வாங்குவர். பருப்பைக் கிராம் கணக்கில் வாங்குவர். சிறு அளவில் வாங்குவோர் பெரும்பாலும் மிகுதியான விலையே கொடுக்க நேரும். கையில் பணம் இல்லாத நாளில் கடன் தரும் கடையிலேயே வாங்கவேண்டும். விலை குறைந்த கடையைத் தேடிச் செல்ல இயலாது. இவ்வாறு, பொருள் இல்லாதவரே அதே பொருளுக்குக் கூடுதலான விலை தருகின்றனர். வறுமை தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வழிகளுள் இதுவும் ஒன்று.

பணத்தைப் போலவே காலமும் ஒரு செல்வம். தனித்து நிற்கும் தாய்க்கு அச்செல்வமும் குறைவு. பனியன் தொழிலில் ஒரு ஷிப்டு என்பது 8 மணி நேரம். வேலை மிகுந்த காலங்களில் ஒன்றரை ஷிப்டு, அதாவது 12 மணி நேரம் வேலை நடக்கும். காலை எட்டரை மணிக்குத் தொடங்கினால் இரவு எட்டரை மணிக்கு முடியும். பேருந்தில் ஊர் திரும்ப மேலும் ஒரு மணி நேரம் ஆகும். வீட்டில் மற்றொருவர் இருந்தால் ஒருவர் ஒன்றரை ஷிப்டு வேலைக்குச் செல்லலாம். மற்றவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். தனித்து நிற்பவள் என் செய்வாள்? ஒன்றரை ஷிப்டுக்குச் சென்றால் கூலி மிகும். ஆனால் இரவு ஒன்பதரை மணி வரை பிள்ளைகள் தனியே இருப்பர். வீட்டுக்கு அருகில் உள்ள களத்து வேலைக்குச் சென்றால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கூலி குறையும். எதைத் தேர்ந்தாலும் ஒன்றை இழக்கவேண்டும். இருவர் செய்யவேண்டிய இரு வேலைகளை, அதாவது பொருள் ஈட்டுதலையும் இல்லத்தைப் பேணுதலையும், ஒருவரே செய்யும்போது நேரும் இழப்பு இது. மனைவியை இழந்து மக்களை வளர்க்கும் தந்தைக்கும், பெற்றோர் இல்லாத பேரக் குழந்தைகளை வளர்க்கும் பாட்டிக்கும் இதே இக்கட்டு உண்டு.

இத்தகைய வீட்டில் வளரும் சிறுவர்கள் பலவற்றைக் காண்கின்றனர். ஆனால் காண்பவற்றின் காரணம் அவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. தாய் இரவில் சினந்து பேசுகின்றாள். தன்மேல் அன்பு இல்லை என்று மகன் எண்ணுகின்றான். காலை முதல் நின்று உழைத்த உடம்பின் அயர்ச்சியே அச்சினமாக வெளிப்பட்டது என்பதை அவன் அறியான். தனக்குப் பசி இல்லை என்று தாய் கூறுகின்றாள். அதனை மெய் என்றே மகன் நம்புகின்றான். மகளோ சற்று மூத்தவள். சோற்றுப் பானையை எட்டிப் பார்த்து உண்மையை உணர்ந்துகொள்கின்றாள். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்கும் நாளில் அவள் தானாகவே, "எனக்கு விருப்பம் இல்லை, அம்மா" என்று சொல்லிவிடுகின்றாள். தாய் மகளிடம் மறைக்கின்றாள். மகள் தாயிடம் மறைக்கின்றாள். இருவரும் மறைப்பது ஒன்றையே.

இம்மறைப்பு அன்பினால் விளைந்தது. ஆனால், வீட்டுக்கு வெளியே அதுவே நாணமாக மாறிவிடுகின்றது. புதிய காலணி ஏன் வாங்கவில்லை என்று தோழி கேட்டால் மகள் தலை குனிகின்றாள். தந்தையின் பெயரையும் தொழிலையும் படிவத்தில் எழுதச் சொல்லும்போது அவள் கை தயங்குகின்றது. தன் வீட்டில் ஏதோ குற்றம் இருப்பதாகவும், அக்குற்றத்தில் தனக்கும் பங்கு இருப்பதாகவும் அவள் எண்ணத் தொடங்குகின்றாள். வறுமை விளைக்கும் கேடுகளுள் கொடியது இவ்வெண்ணமே. பசி உணவினால் தீரும். தான் தாழ்ந்தவள் என்னும் எண்ணம் உணவினால் தீராது. உண்மையை அறிவதனால் மட்டுமே தீரும்.

வறுமை என்பது வறியவரின் குற்றமா? இக்கேள்வியை முறையாக ஆராய்ந்தவருள் ஒருவர் சீபோம் ரவுன்ட்ரி என்னும் ஆங்கிலேயர். இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் கோக்கோத் தொழில் நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வறியவர் குடியாலும் சோம்பலாலும் கெடுகின்றனர் என்பது அக்காலத்துச் செல்வர் பலருடைய கருத்து. ரவுன்ட்ரி அக்கருத்தை அப்படியே ஏற்காமல், 1899-ஆம் ஆண்டில் அந்நகரத் தொழிலாளர் வீடுகளில் ஆய்வு நடத்தினார். 11,560 குடும்பங்களின் செய்திகள் திரட்டப்பட்டன. உடலை நலமுடன் வைத்திருக்க மட்டும் தேவையான உணவு, உடை, உறையுள் ஆகியவற்றுக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கும் வருவாய் இல்லாத குடும்பங்களை அவர் தனியே பிரித்தார். அவ்வாறு பிரிக்கப்பட்டவருள் ஏறத்தாழ 52 விழுக்காட்டினரின் வறுமைக்குக் காரணம், நாள்தோறும் வேலை செய்தும் கூலி போதாமையே. ஏறத்தாழ 16 விழுக்காட்டினரின் வறுமைக்குக் காரணம், பொருள் ஈட்டிய தலைவர் இறந்துபோனமை. 1901-ஆம் ஆண்டில் இம்முடிவுகள் நூலாக வெளிவந்தன. உழைத்தும் வறியராய் இருப்போரே மிகுதி என்பதை எண்கள் எடுத்துக் காட்டின.

ரவுன்ட்ரி வறுமையை வெளியில் நின்று அளந்தவர். வறுமையை உள்ளிருந்து அறிந்து, பின்னர் அதனை அளந்த பெருமகனார் ஒருவர் அவருக்கு முன்பே நம் நாட்டில் தோன்றினார். அவரே தாதாபாய் நௌரோஜி. 1825-ஆம் ஆண்டில் பிறந்த அவர், நான்கு வயதில் தந்தையை இழந்தார். தாயார் மானெக்பாய் மறுமணம் செய்துகொள்ளாமல், வறிய நிலையிலும் மகனைக் கல்விக்கு அனுப்பினார். பம்பாயில் அவர் பயின்ற பள்ளியில் அப்போது கட்டணம் இல்லை. கட்டணம் இருந்திருந்தால் தம் தாயால் அதனைச் செலுத்தியிருக்க இயலாது என்பதைப் பின்னாளில் அவரே எழுதியுள்ளார். அவ்விலவசக் கல்வியால் உயர்ந்து, தாம் பயின்ற எல்பின்ஸ்டன் கல்லூரியிலேயே கணிதப் பேராசிரியர் ஆனார்.

கணிதம் கற்ற அவர், அக்கணிதத்தை நாட்டின் வறுமையை அளக்கப் பயன்படுத்தினார். இந்தியர் ஒருவரின் சராசரி ஆண்டு வருவாய் 20 ரூபாய்தான் என்று அவர் கணக்கிட்டார். கப்பலில் செல்லும் கூலியாட்களுக்கும் சிறைக் கைதிகளுக்கும் அரசு கொடுத்த உணவு, உடை ஆகியவற்றுக்கு ஆகும் செலவை அதனோடு ஒப்பிட்டார். குற்றம் செய்து சிறை புகுந்தவனுக்குக் கிடைக்கும் அளவு உணவுகூடக் குற்றம் செய்யாத உழவனுக்குக் கிடைக்கவில்லை என்பது அவ்வொப்பீட்டால் விளங்கிற்று. 1876-ஆம் ஆண்டில் 'இந்தியாவின் வறுமை' என்னும் கட்டுரையாக அவர் இதனைப் பம்பாயில் படித்தார். 1892-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினராகி, அங்கும் நம் நாட்டு ஏழையரின் நிலையை எடுத்துரைத்தார்.

கட்டணம் இல்லாத பள்ளி தாதாபாயைக் காத்தது. ஆனால், கட்டணம் இல்லாமை மட்டும் எல்லா ஏழைச் சிறுவரையும் காத்துவிடாது. வீட்டில் உணவு இல்லையேல் சிறுவனும் வேலைக்குச் செல்ல நேரும். தமிழ்நாட்டில் அவ்வாறு பள்ளியை விட்டு வெளியேறியவருள் ஒருவர் விருதுநகரில் பிறந்த காமராசர். 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் பிறந்த அவருக்கு ஆறு வயது ஆகும்போது தந்தை குமாரசாமி இறந்தார். தாயார் சிவகாமி அம்மையாரிடம் இருந்தவை சில நகைகளே. அவற்றை விற்று, கிடைத்த பணத்தை ஒரு வணிகரிடம் வைப்பாக வைத்து, மாதந்தோறும் வரும் வட்டியைக் கொண்டு மகனையும் மகளையும் வளர்த்தார். அவ்வருவாய் போதவில்லை. காமராசர் தொடக்கக் கல்வியைக் கடந்த சிறிது காலத்திலேயே படிப்பை நிறுத்திவிட்டுத் தாய்மாமனின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அச்சிறுவர் 1954-ஆம் ஆண்டில் மாநிலத்தின் முதலமைச்சர் ஆனார். பள்ளிக்கு வராத சிறுவர்களைப் பார்த்து, "இவர்களுக்குக் கல்வியில் ஆர்வம் இல்லை" என்று அவர் முடிவு கட்டவில்லை. பசியே அவர்களைத் தடுக்கின்றது என்பது அவருக்குத் தம் வாழ்விலிருந்தே தெரியும். சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920-ஆம் ஆண்டிலேயே தியாகராயச் செட்டியார் காலத்தில் நண்பகல் உணவு வழங்கப்பட்டது. காமராசர் ஆட்சியில், 1956-ஆம் ஆண்டில், மதிய உணவுத் திட்டம் மாநிலத்தின் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் அது தொடங்கிற்று. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அத்திட்டத்திற்கு உறுதுணையாக நின்றார். பொதுமக்கள் அரிசியும் காயும் பணமும் தந்து உதவினர். 1958-ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் தம் ஊர்ப் பள்ளிக்கு வேண்டிய கட்டடமும் கருவிகளும் அளித்தனர். பள்ளிக் கல்வி படிப்படியாகக் கட்டணம் இல்லாத கல்வியாயிற்று.

காமராசரைப் போன்றே தந்தையை இழந்து தாயால் வளர்க்கப்பட்ட மற்றொருவரும் பின்னர் முதலமைச்சர் ஆனார். அவரே ம. கோ. இராமச்சந்திரன். 1917-ஆம் ஆண்டில் இலங்கையில் நாவலப்பிட்டியில் பிறந்த அவர், இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் சத்தியபாமா தம் மக்களுடன் கும்பகோணத்திற்கு வந்து வறுமையோடு போராடினார். இராமச்சந்திரனும் அவர் தமையனார் சக்கரபாணியும் படிப்பைத் தொடர இயலாமல், சிறு வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்தனர். 1982-ஆம் ஆண்டில் அவர் ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. பள்ளிக்கு வருமுன் உள்ள சிறு குழந்தைகளுக்கும் அதில் உணவு வழங்கப்பட்டது. அவ்வுணவைச் சமைக்கும் பணியில் கணவனை இழந்த பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை அளிக்கப்பட்டது. இதனால் ஒரே திட்டம் பிள்ளைக்கு உணவாகவும் தாய்க்கு வேலையாகவும் அமைந்தது. 2001-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. தமிழ்நாட்டில் வேரூன்றிய வழக்கம் நாடு முழுவதற்கும் முறையாயிற்று.

இம்மூவர் வாழ்விலும் ஓர் உண்மை தெளிவாகின்றது. தாதாபாய்க்குப் பள்ளி கிடைத்தது; ஆகவே அவர் படிப்பைத் தொடர்ந்தார். மற்ற இருவருக்கும் வீட்டில் உணவு போதவில்லை; ஆகவே படிப்பை விட்டனர். அறிவிலோ ஊக்கத்திலோ எவரும் குறைந்தவர் அல்லர். வேறுபட்டது சூழ்நிலையே. தமக்குக் கிடைக்காததைப் பிறர் பிள்ளைகளுக்குக் கிடைக்கச் செய்ததே பின்னவர் இருவரின் சிறப்பு. வறுமையை அனுபவித்தவர் பலர் அதனை மறந்துவிட விரும்புகின்றனர். சிலரோ, "யான் பட்ட துன்பத்தை நீயும் பட்டுப் பார்" என்கின்றனர். வறுமையின் காரணத்தை உணர்ந்தவர் மட்டுமே அத்துன்பத்தை அடுத்தவருக்கு வாராமல் தடுக்க முயல்கின்றனர்.

முன்னர்க் கணக்கிட்டுப் பார்த்த வீட்டில் இவ்வேற்பாடுகள் எவ்வாறு உதவுகின்றன என்பதைக் காண்பது நன்று. அவ்வீட்டில் குறைவாக இருந்தவை பணமும் காலமும் ஆகும். தாய் விடியுமுன் வேலைக்கு ஆயத்தம் ஆகவேண்டிய வீட்டில் மகனுக்குக் காலை உணவு கிடைப்பது அரிது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர்க்குக் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பட்டு, 2023-ஆம் ஆண்டில் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. அது தாய்க்குப் பொருளையும் மிச்சப்படுத்திற்று, காலத்தையும் மிச்சப்படுத்திற்று. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கிற்று. கணவனை இழந்து ஆதரவற்று நிற்கும் பெண்களுக்கான ஓய்வூதியம் 1975-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டில் வந்தது.

இவற்றைப் பெறுதல் இரத்தல் ஆகாது. கடையில் வாங்கும் பல பொருள்களின் விலையில் வரி அடங்கியிருக்கலாம். அவ்வரியை ஏழைத் தாயும் செலுத்துகின்றாள். எல்லாரும் சேர்ந்து பொதுவில் வைத்த பொருளிலிருந்து, தேவைப்பட்ட காலத்தில் தன் பங்கைப் பெறுகின்றாள். அதனைப் பெறுவதற்கும் உழைக்கவேண்டியுள்ளது. வருமானச் சான்று, இறப்புச் சான்று, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு எனப் பல ஆவணங்கள் வேண்டும். கிராம நிர்வாக அலுவலகத்திற்கும் வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் செல்லும் நாளில் கூலி இல்லை. எழுத்தறியாத தாயாயின் படிவத்தை நிரப்ப இயலாது. இத்தகைய வீடுகளில் பல நேரங்களில் படிவத்தைப் படித்து நிரப்புபவர் பள்ளியில் பயிலும் பிள்ளையே. கல்வியின் முதற் பயனைத் தாய் அவ்வாறே அடைகின்றாள். முன்பு தந்தையின் பெயரை எழுதத் தயங்கிய மகளின் கை, தாயின் உரிமைக்காக அதே பெயரைத் தயங்காது எழுதும்போது அவளுடைய நாணம் நீங்கத் தொடங்குகின்றது.

எனினும், இவ்வேற்பாடுகளால் எல்லாத் துன்பமும் தீர்ந்துவிடவில்லை. காங்கேயம், திருப்பூர் வட்டாரத்தில் பத்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகளின் முன் ஒரு கேள்வி நிற்கின்றது. வாசலில் தொழிற்சாலைப் பேருந்து வந்து நிற்கின்றது. ஏறினால் வார முடிவில் கூலி கிடைக்கும். தாயின் கடன் குறையும். பள்ளிக்குச் சென்றால் இன்னும் சில ஆண்டுகளுக்கு வருவாய் இல்லை. பள்ளியை விட்டுப் பேருந்தில் ஏறும் பிள்ளையைப் பணத்தாசை கொண்டவன் என்று பழித்தல் பிழை. அவன் தாயின் மேல் கொண்ட அன்பே அவனை ஏறச் செய்கின்றது. ஆயினும், அன்பு சரியான கணக்கையும் அறிந்திருத்தல் வேண்டும். இன்று பெறும் கூலி இம்மாதக் குறையை நிரப்பும். ஆனால் உழைப்பின் மதிப்பை உயர்த்தும் கல்வியை அது பறித்துவிடும். ரவுன்ட்ரி கண்டறிந்த காரணங்களுள் தலையாயது குறைந்த கூலி அன்றோ? குறைந்த கூலியில் இளமையிலேயே சிக்குபவன், தன் தாய் இழுத்த அதே பாரத்தைத் தானும் இழுக்க நேரும்.

சட்டமும் இதில் துணை நிற்கின்றது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி பெறும் உரிமை, 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயது நிரம்பாதவரைத் தொழிலில் அமர்த்துவதையும், 18 வயது நிரம்பாதவரை இடர் மிகுந்த தொழில்களில் அமர்த்துவதையும் 2016-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டம் தடுக்கின்றது. ஆனால், சட்டம் கதவைக் காக்குமே அன்றி அடுப்பை மூட்டாது. அடுப்பு எரிவதற்குத் தாயின் கூலி போதுமானதாக இருத்தல் வேண்டும். அவள் நோயுற்ற நாளில் கைகொடுக்க ஒருவர் வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் அவ்வகையில் பயன்படுகின்றன. 1989-ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய அம்முயற்சி மாநிலம் முழுவதும் பரவியது. ஒவ்வொருவரும் சிறு தொகை சேமித்து, தேவைப்படும் உறுப்பினருக்குக் குறைந்த வட்டியில் கடன் தருவது அதன் முறை. மிச்சம் இல்லாத பல வீடுகள் சேர்ந்து பொதுவான ஒரு மிச்சத்தை உண்டாக்கிக்கொள்கின்றன.

வறுமையை அறிதல் என்பது வறியவர்மேல் இரக்கம் கொள்வதோடு முடிவதன்று. ஒருவர் வருவாயில் வாழும் வீட்டின் கணக்கை அறிதல் அதன் முதற்படி. அக்கணக்கை அறிந்த மாணவன், உடன் பயில்பவனின் கிழிந்த பையைக் கண்டு நகைக்கமாட்டான். அவன் சுற்றுலாவுக்கு வராத காரணத்தைப் பலர் முன்னிலையில் கேட்கமாட்டான். அக்கணக்கை அறிந்த ஆசிரியர், வீட்டுப் பாடம் எழுதாத மாணவியைக் கடியுமுன் காரணம் கேட்பார். அக்கணக்கை அறிந்த மகள், தன் தாயின் சினத்தில் அயர்ச்சியைக் காண்பாள். தன் வீட்டின் வறுமையில் குற்றத்தைக் காணமாட்டாள்.

மேட்டில் ஏறும் வண்டியை ஒற்றைக் காளை இழுக்க மாட்டாமல் திணறும்போது, அறிவுள்ளோர் அக்காளையைச் சாட்டையால் அடிப்பதில்லை. வழியில் செல்வோர் இறங்கிச் சக்கரத்தில் தோள் கொடுப்பர். மேடு கடந்த பின் காளை தானே இழுத்துச் செல்லும். தனித்து நின்று மக்களை வளர்க்கும் தாய்க்கு வேண்டுவதும் அத்தகைய துணையே. அத்துணையைப் பெற்று மேடு கடந்த பிள்ளைகள், பின்னால் வரும் வண்டிக்குத் தோள் கொடுக்கக் கடமைப்பட்டவர் ஆவர்.